பொருநைக் கரையில் ஒரு பிரஷ்யர்: ரேனியஸ் விட்டுச் சென்றவை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் மட்டுமே. இந்நாட்டின் பேராறுகளோடு ஒப்பிட்டால் இது சிற்றாறு. எனினும் அயல்நாட்டாரை வரவேற்ற வரலாற்றில் இதன் இடம் பெரிது. கொற்கைத் துறைக்கு முத்து நாடி வந்தவர்கள் பலர். கொற்கையின் சிறப்பு மங்கிய பின் ஆற்று முகத்தருகே எழுந்த காயலில், ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் தங்கிச் சென்றதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்து வைத்தார். அத்துறையோடு தொடர்பு கொண்டிருந்த அரபு வணிகரின் வழித்தோன்றல்கள் தமிழைத் தாய்மொழியாக்கிக் கொண்டனர். தமிழில் காப்பியம் பாடும் அளவுக்கு இம்மண்ணோடு ஒன்றினர். கடல் கடந்து வந்து இங்கேயே வேரூன்றியவர்களின் கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று.

இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது வேறு வகையான ஓர் அயலவரை. அவர் வணிகத்துக்காக வரவில்லை. ஆட்சி செய்யவும் வரவில்லை. தம் சமயத்தைப் பரப்ப வந்தார். அதனை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் அங்கேயே மறைந்த ரேனியஸ் என்னும் பிரஷ்ய நாட்டவர் அவர். அவருடைய சமயத்தை ஏற்காத நாம் அவரைப் பற்றி எழுதுவதேன் எனும் வினா எழலாம். ஒருவர் விட்டுச் சென்றதை அவருடைய நோக்கத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அவருக்கு எவ்வகையிலும் கடமைப்படாதவர்களும் அதனைத் தமதாக்கிக் கொண்டனரா என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும். இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு ரேனியஸின் வாழ்வை அணுகுவது நமக்கும் பயன் தரும் என்றே கருதுகிறோம்.

வந்த வழியும் வந்த காலமும்

ரேனியஸ் 1790 நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவின் கிராடென்ஸ் கோட்டையில் பிறந்தார். இன்று போலந்து நாட்டில் அடங்கியுள்ள நகரம் அது. தந்தையார் பிரஷ்யப் படையின் அதிகாரி. மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். பெர்லினில் சமயப் பயிற்சி பெற்ற ரேனியஸ் அங்கேயே 1812இல் குருப்பட்டம் பெற்றார். அது லூத்தரன் முறைப்படி அளிக்கப்பட்ட பட்டம். பின்னாளில் அவருடைய வாழ்வையே புரட்டிப்போட்ட செய்தி இதுவாகலின் வாசகர்கள் இதனை நினைவில் கொள்ளுதல் நலம்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்துக்குத் தொலைநாடுகளில் பணியாற்ற முன்வரும் ஆங்கிலேயர் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே அது ஜெர்மானிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டது. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் சமயப் பணியாளர் நுழைவதற்கு வழி திறந்தது. மறு ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ரேனியஸ் சென்னையில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அதன் பின் 24 ஆண்டுகள் உயிர் வாழ்ந்த அவர் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை.

சென்னையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்தார். அன்றைய திருநெல்வேலிச் சீமையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு 21 ஆண்டுகளே கழிந்திருந்தன. ஊமைத்துரை சிறையுடைத்துத் தப்பியது இதே பாளையங்கோட்டையிலிருந்துதான். 1801இல் சீமை முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்திருந்தது. கோட்டைக்குள் கம்பெனியின் படை இருந்தது. வெள்ளை முகத்தைக் கண்ட குடியானவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது வரியும் துப்பாக்கியுமாகவே இருந்திருக்கும். அத்தகைய இடத்தில் ஓர் ஐரோப்பியர் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எளிதன்று.

ஆயினும் அவர் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. கிளாரிந்தா எனப் பெயர் மாற்றிக்கொண்ட ஒரு பிராமண விதவை 1785இலேயே பாளையங்கோட்டையில் கோயில் எழுப்பியிருந்தார். மதம் மாறியதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கென 1799இல் முதலூர் என்னும் குடியிருப்பு தோன்றியிருந்தது. அதனை அமைத்தவர் இம்மண்ணின் மைந்தரான டேவிட் சுந்தரானந்தம். கோட்டைப் படையின் குருவாக 1816இல் வந்த ஜேம்ஸ் ஹஃப் சில பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். அயலவரின் தொண்டு எனப் பின்னாளில் பேசப்பட்ட பலவற்றுக்கும் உள்ளூர் மக்கள் இட்ட அடித்தளம் இருந்தது. இதனை மறந்து எழுதப்படும் வரலாறு அரைகுறை வரலாறே.

மொழியும் பள்ளியும்

ரேனியஸ் முதலில் மாணவரானார். திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரிடம் தமிழ் பயின்றார். மரபுவழித் தமிழ்ப் புலவர் ஒருவர், சமயத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட ஓர் இளைஞருக்கு இலக்கண நூல்களின் நுட்பங்களைக் கற்பித்தார். ரேனியஸ் பின்னர் ஆற்றிய மொழிபெயர்ப்புப் பணியிலும் கவிராயர் துணை நின்றார். ஐரோப்பியரின் தமிழ்ப்பணியைப் போற்றும்போது அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் விடுவது நம்மிடையே நெடுநாளாக நிலவும் குறை. பெஸ்கி, எல்லிஸ், போப் என நீளும் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு தமிழாசிரியர் நிற்கிறார்.

பாளையங்கோட்டையில் ரேனியஸ் கட்டிய ஆலயம் 1826இல் திறக்கப்பட்டது. பின்னர் எழுந்த உயர்ந்த கோபுரத்தால் மக்கள் அதனை ஊசிக்கோபுரம் என்று அழைக்கலாயினர். முருகன்குறிச்சிப் பகுதியில் ரேனியஸின் பணிகளுக்கு வேண்டிய நிலத்தை வெங்கு முதலியார் என்னும் இந்து நிலக்கிழார் மிகக் குறைந்த விலைக்கு அளித்தார் என்னும் செய்தி திருநெல்வேலித் திருச்சபையின் மரபில் நன்றியோடு நினைவுகூரப்படுகிறது. தம் சமயத்தை விட்டு மக்களை வெளியே அழைக்கும் ஒருவருக்கே அவர் இடம் கொடுத்தார் என்பதை எண்ணுகையில் அந்த மனத்தின் அகலம் நமக்குப் புலனாகிறது.

ஆலயத்தினும் மேலாக ரேனியஸின் உழைப்பு பள்ளிகளில் கழிந்தது. ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்கும் செமினரி ஒன்றைப் பாளையங்கோட்டையில் நடத்தினார். உணவு வேளையில்தான் முதற்சோதனை வந்தது. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த மாணவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண வேண்டும் என அவர் விதித்தார். உயர்சாதியினர் எனத் தம்மைக் கருதிக்கொண்ட பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். விதியைத் தளர்த்தியிருந்தால் பள்ளி தடையின்றி நடந்திருக்கும். முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஜெர்மானியப் பணியாளர் பலர் தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் அவ்வாறே தளர்த்தியிருந்தனர். ரேனியஸ் பள்ளியைச் சிறிது காலம் மூடினாரேயன்றி விதியை மாற்றவில்லை. மீண்டும் திறந்தபோது எல்லாரும் ஒன்றாக அமர்ந்தே உண்டனர்.

பெண் கல்வியிலும் இவ்வாறே தடைகள் இருந்தன. ரேனியஸின் மனைவியாரும் உடன் பணியாற்றியவர்களின் மனைவியரும் பெண் குழந்தைகளுக்கு எழுத்தும் தையலும் கற்பித்தனர். பெண்ணுக்கு எழுத்தறிவு வந்தால் குடும்பம் கெடும் என்று நம்பப்பட்ட காலம் அது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் வீட்டிலேயே திருக்குர்ஆன் ஓதவும் அரபுத்தமிழ் படிக்கவும் கற்றிருந்தனர் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க செய்தியே. ஆயினும் அக்கல்வி வீட்டின் எல்லையைத் தாண்டவில்லை. பெண்ணை ஆசிரியராக்கி ஊதியம் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பும் முறை பாளையங்கோட்டையில்தான் படிப்படியாக உருவாயிற்று. இதனை ஒப்புக்கொள்வதால் நம் மரபுக்கு இழுக்கு ஏதுமில்லை.

நிலவியலைத் தமிழில் சொன்னவர்

ரேனியஸ் எழுதிய நூல்களில் நம் கவனத்துக்கு முதலில் உரியது 1832இல் வெளியான ‘பூமி சாஸ்திரம்’. உலக நாடுகளைப் பற்றித் தமிழ் உரைநடையில் பாடநூலாக எழுதப்பட்ட தொடக்க கால நூல்களுள் இது தலையாயது. மேரு மலையையும் ஏழு கடல்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குக் கண்டங்களும் நாடுகளும் அவற்றின் எல்லைகளும் தாய்மொழியில் கிடைத்தன. காயல் துறையின் மாலுமிகளுக்குப் பாரசீக வளைகுடா வரை வழி தெரிந்திருந்தது. அல்பிரூனி பூமியின் அளவைக் கணித்ததும், அல்இத்ரீஸி 1154இல் உலகப் படம் வரைந்ததும் அரபு மொழியில் நிகழ்ந்தவை. எனினும் அந்த அறிவுச் செல்வம் பொருநைக் கரையின் திண்ணைப் பள்ளிச் சிறுவனின் கைக்கு எளிய தமிழ் நூலாக வந்து சேரவில்லை. கடல் வழி அறிந்த சமுதாயம் அதனை ஏன் பாடநூலாக்கவில்லை என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

இந்நூல் வெளியான காலத்தை நோக்குக. மூன்று ஆண்டுகள் கழித்து, 1835 பிப்ரவரியில், மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். ஆங்கிலமே உயர் அறிவின் வாயில் என்னும் கொள்கை அரசின் கொள்கையாயிற்று. கீழ்த்திசை மொழிகளில் புதிய அறிவைச் சொல்ல இயலாது என்று அதிகார பீடம் முடிவு கட்டிய வேளையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் தமிழில் அதனைச் செய்து காட்டியிருந்தார். தமிழ்வழிக் கல்வி இயலுமா என்னும் விவாதம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஓயவில்லை என்பதை எண்ணினால் அந்நூலின் பெறுமதி விளங்கும்.

1834இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் மறுபதிப்பும் கண்டது. சீகன்பால்கின் இலக்கணம் 1716இல் ஹாலே நகரிலும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலும் அச்சேறியிருந்தன. இரண்டும் லத்தீனில் அமைந்தவை. ரேனியஸ் செய்யுள் நடையையும் கொச்சை வழக்கையும் விலக்கி, கற்றோர் இயல்பாகப் பேசவும் எழுதவும் பயன்படுத்தும் நடைக்கு இலக்கணம் வகுக்க முயன்றார். தமிழ் உரைநடை தனக்கென ஒரு வடிவம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இம்முயற்சி பெரிதும் துணை செய்தது.

விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் அவர் இதே கொள்கையைப் பின்பற்றினார். 1772இல் வெளியான ஃபப்ரீஷியஸின் புதிய ஏற்பாட்டைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. திருத்தத் தொடங்கியவர் புதிதாகவே மொழிபெயர்த்தார். மூலமொழியின் தொடரமைப்பை அப்படியே தமிழில் ஏற்றினால் படிப்பவருக்குப் பொருள் விளங்காது. தமிழ் தன் இயல்பிலேயே பேச வேண்டும் என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றித் தனிக் கட்டுரையும் வரைந்தார். மூலத்தை விட்டு விலகிவிட்டார் என்று பலர் குறை கூறினர். இறைவாக்கை மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரா, பொருளுக்குக் கட்டுப்பட்டவரா என்னும் இந்த வாதம் நமக்கு அந்நியமானதன்று. 20ஆம் நூற்றாண்டில் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் திருக்குர்ஆனைத் தமிழாக்க முனைந்தபோதும் இதே வினாவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

நிலமும் பாதுகாப்பும்

தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் வயல்களில் நெல் இருபோகம் விளைந்தது. தெற்கே சற்றுத் தொலைவு சென்றால் செம்மணல் தேரியும் பனைக்காடும் தொடங்கிவிடும். நன்செய் உடையவர்கள் ஒருபுறம். பனையேறியும் கூலிக்கு உழைத்தும் வாழ்ந்தவர்கள் மறுபுறம். குடிசை நின்ற மண்கூடப் பெரும்பாலும் பிறருடையது. ரேனியஸின் அழைப்பை ஏற்றவர்களுள் மிகப் பலர் இந்த எளிய மக்களே. ஊரார் வழிபாட்டிலிருந்து விலகியவர்களைக் குடிசையை விட்டு வெளியேற்றுவது நிலக்கிழாருக்கு எளிது. கிணற்றை மறிப்பதும் வழக்குத் தொடுப்பதும் அதைவிட எளிது.

இதற்கு ரேனியஸ் கண்ட விடை நிலம் வாங்குவது. 1830இல் தருமசங்கம் என்னும் அமைப்பு பாளையங்கோட்டையில் உருவாயிற்று. சபையார் அளித்த நன்கொடைகளைக் கொண்டு நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்டவர்கள் வீடு கட்டிக்கொள்ளவும் பள்ளி அமைக்கவும் இடம் கொடுப்பது அதன் பணி. ஐரோப்பாவிலிருந்தும் பொருள் வந்தது. பிரஷ்யாவின் தோனா பிரபு அளித்த நன்கொடையால் அமைந்த ஊர் அவர் பெயராலேயே தோனாவூர் எனப்பட்டது. பணியின்போது இறந்துபோகும் உபதேசியார்கள், ஆசிரியர்களின் மனைவியருக்கு உதவும் விதவைகள் நிதியும் ஏற்பட்டது. மாதந்தோறும் சிறு தொகையைச் செலுத்தியவரின் குடும்பம் அவர் மறைவுக்குப் பின் தெருவில் நிற்கக் கூடாது என்பதே அதன் கருத்து. சொத்தின் மூலதனத்தைக் காத்து அதன் பயனை மட்டும் பொதுநலத்துக்குச் செலவிடும் வக்ஃபு முறையை அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்வேற்பாடுகளின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. சங்கத்தின் நிலத்தில் குடியிருப்பவர் நிலக்கிழாரின் பிடியிலிருந்து விடுபட்டார். அதே வேளையில் சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டார். சபையோடு முரண்பட்டால் அவர் எங்கே செல்வார்? பாதுகாப்புக்கும் சார்புக்கும் இடையிலான எல்லை மெல்லியது. நல்லெண்ணத்தோடு அமைக்கப்படும் எந்த அறநிலையத்துக்கும், நம்முடையவை உட்பட, இந்த எச்சரிக்கை பொருந்தும்.

1835: ஒரு பிரிவின் கதை

ரேனியஸின் வாழ்வில் பெரும் சோதனை எதிரிகளிடமிருந்து வரவில்லை. அவரை அனுப்பிய சங்கத்திடமிருந்தே வந்தது. சபைகள் பெருகின. தம்மோடு உழைத்த இந்திய உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளித்து அவர்களைப் பொறுப்பில் அமர்த்த அவர் விரும்பினார். தாம் பெற்றது போலவே, பணியாளர்கள் கூடி அதனை வழங்கலாம் என்பது அவர் நிலை. ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் ஒருவரே வழங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைப் பற்றிய நூலொன்றுக்கு ரேனியஸ் எழுதிய மதிப்புரை நெருப்பில் நெய்யாயிற்று. அத்திருச்சபையின் சடங்குகளையும் நிருவாகத்தையும் அவர் ஒளிவுமறைவின்றி விமர்சித்திருந்தார். 1835இல் சங்கம் அவரைப் பணியிலிருந்து விலக்கியது.

15 ஆண்டுகள் கட்டி எழுப்பியவற்றையெல்லாம் விட்டு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் பாளையங்கோட்டையை விட்டுப் புறப்பட்டார், ஆற்காட்டுக்குச் சென்றார். உபதேசியார்களும் மக்களும் அவரைத் திரும்பி வருமாறு வேண்டினர். சில மாதங்களில் அவர் திரும்பினார். இம்முறை அவருக்குப் பின்னால் சங்கமில்லை. அவரை விரும்பிய மக்களும் அவருடைய தோழர்களும் நண்பர்கள் அனுப்பிய நன்கொடையுமே இருந்தன. சபைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரே ஊரில் இரு தரப்பாரும் பூசலிட்டனர். திரும்பி வந்தது சரியா, பிளவுக்கு அது வழிவகுத்ததா என்பது பற்றி அவர் சமயத்தவரிடையேயே இரு கருத்துகள் உண்டு.

நடுநிலையில் நின்று நோக்கும் நமக்குத் தோன்றுவது இது. சடங்கு முறை பற்றிய வாதம் அவர்களுடைய உள்விவகாரம். ஆனால் அதனுள் ஒரு பொது வினா பொதிந்திருந்தது. உள்ளூர் மனிதரைத் தலைமைக்கு உயர்த்தத் தொலைவிலுள்ள பீடத்தின் இசைவுக்காக எவ்வளவு காலம் காத்திருப்பது? கம்பெனி ஆட்சியின் உச்சத்தில் இவ்வினாவை எழுப்பியவர் தம் ஊதியத்தையும் மதிப்பையும் இழக்க நேர்ந்தது.

1838 ஜூன் 5ஆம் நாள், 47ஆம் வயதில், ரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அவருடைய கல்லறை அங்குள்ள அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. அவர் மறைந்த பின் தோழர் சிலர் மீண்டும் சங்கத்தில் இணைந்தனர், பிளவு ஆறியது. 1881இல் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றை எழுதிய கால்டுவெல் பேராயர், முறைமையால் ரேனியஸுக்கு எதிரணியில் நிற்க வேண்டியவர். அவரும் ரேனியஸின் ஆற்றலையும் உழைப்பையும் மதித்தே எழுதினார்.

பின்வந்த தலைமுறைகள்

விதைத்தவர் காணாத விளைச்சல் பின்னர் வந்தது. பாளையங்கோட்டையில் 1858இல் பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க எழுந்த சாராள் தக்கர் நிறுவனம் 1895இல் கல்லூரியாக உயர்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவெய்ன்சன் அம்மையார் செவித்திறன் இழந்தோருக்கும் பள்ளிகளை நிறுவினர். தோனா பிரபுவின் பெயர் தாங்கிய தோனாவூரில் 1901 முதல் எமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்துப் பெண்மணி, கோயில்களில் விடப்பட இருந்த சிறுமிகளுக்குப் புகலிடம் அமைத்தார். 1951இல் அங்கேயே மறைந்த அவருடைய கல்லறையில், அவர் விருப்பப்படி, பெயர்க்கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றே இருக்கிறது.

இந்த நிறுவனங்களின் வாயிலாகப் பாளையங்கோட்டை கல்வி நகரமாயிற்று. அந்நகரின் பள்ளிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். நாம் முன்னர்ச் சொன்ன அளவுகோல் இங்கே பொருந்துகிறது. அங்கே கற்று மருத்துவரும் ஆசிரியரும் வழக்கறிஞருமானோரிற் பலர் ரேனியஸின் சமயத்தை ஏற்றவர் அல்லர். அவர் பெயரையும் கேள்விப்படாதவர் பலர். எனினும் அவர் தொடங்கி வைத்த மரபு அவர்களுடைய உடைமையாயிற்று. கற்றல் சூழல் கனிந்த அதே மண்ணில் 1971இல் நம் சமுதாயத்தார், 17ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயரால் ஒரு கல்லூரியை எழுப்பினர். அங்கும் எல்லாச் சமய மாணவர்களும் பயில்கின்றனர்.

எவ்வாறு மதிப்பிடுவது?

ரேனியஸை மனிதநேயர் என்று மட்டும் வருணித்து அவருடைய சமய நோக்கத்தை மறைப்பது அவருக்கே நேர்மையாகாது. அவர் பிற சமயங்களைப் பிழை என்றே கருதினார். அவ்வாறு எழுதவும் செய்தார். அத்துண்டுப் பிரசுரங்களைப் படிக்கும் எவரும் மனம் நோவர். மறுபுறம், மதமாற்ற நோக்கம் ஒன்றையே காட்டி அவருடைய பள்ளியையும் பாடநூலையும் தருமசங்கத்தையும் புறந்தள்ளுவதும் நீதியாகாது. ஒருவரோடு நமக்குள்ள கருத்து வேறுபாடு அவருக்குரிய நீதியை மறுக்க நம்மைத் தூண்டலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்.

ஒப்பீடொன்றைச் சொல்லி முடிக்கலாம். ரேனியஸ் சென்னையில் கரையிறங்கிய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1816இல், காயல்பட்டினத்தில் பிறந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். கீழக்கரையில் அரூஸிய்யா மத்ரஸாவை வளர்த்து, அரபுத்தமிழில் உரைநடை நூல்கள் எழுதி, 1898 வரை வாழ்ந்து மக்களுக்குக் கல்வி புகட்டினார். இருவரும் சந்தித்ததில்லை, கொள்கையில் இரு துருவத்தினர். ஆனால் சாதாரண மனிதனுக்கு அவன் பேசும் மொழியிலேயே அறிவைச் சேர்க்க வேண்டும் என்பதில் ஒரே கருத்துடையோர். ஒருவருடைய எழுத்து தமிழ் வரிவடிவில் இருந்ததால் பொதுவுடைமையாயிற்று. மற்றவருடைய எழுத்து அரபு வரிவடிவில் இருந்ததால் நம் சமுதாயத்துக்குள்ளேயே தங்கி, இன்று நம் பிள்ளைகளாலேயே படிக்க இயலாமற் போயிற்று.

ரேனியஸின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைத் தமிழ் வரிவடிவுக்குக் கொண்டுவந்து அச்சேற்றுவதற்கு எந்த அயல்நாட்டாரும் வரப்போவதில்லை. ஒரு பிரஷ்யர் கவிராயரிடம் அமர்ந்து தமிழ் கற்றுப் பாடநூல் எழுதினார். அந்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சென்று அமர வேண்டியவர்கள் நாமே.